மறியலைப் படிப்பவர்கள்

கண்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சந்தைப் பக்கம் நடந்தால், போகம்பறைச் சிறையின் மதில் இன்றும் நிற்கிறது. ஆங்கிலேயர் 1876இல் கட்டியது. பாரிஸ் நகரத்துப் பஸ்தில் கோட்டையின் சாயலில் கட்டினார்கள் என்று கண்டியில் வழிவழியாகச் சொல்வார்கள். 2014 ஜனவரி முதலாம் திகதி அதை மூடிவிட்டு, உள்ளே இருந்தவர்களைப் பல்லேகலையில் புதிதாகக் கட்டிய தும்பறைச் சிறைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். 138 வருடம் ஒரு நகரத்தின் நட்டநடுவில் இருந்த சிறை அது. சந்தைக்கு மரக்கறி வாங்க வந்தவர்களும், குட்ஷெட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களும், பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகளும் அந்த மதிலைத் தொட்டுக்கொண்டுதான் போனார்கள். பார்சலோடு வாசலில் நிற்கும் தாய்மாரை ஊரே பார்த்தது.

பார்த்தது, ஆனால் படிக்கவில்லை. சிறை என்பது படிப்புக்குரிய விஷயம், அதைப் பல்கலைக்கழகத்தில் கற்று அதிலேயே ஒரு தொழிலைத் தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் கண்டிக்கு வந்து எழுபது வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். அந்த எழுபது வருடத்தின் கதையையும் அதற்கு முந்திய கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான், இன்றைக்குப் பேராதனையில் சமூகவியல் படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால் திறந்திருப்பது எது, மூடியிருப்பது எது என்று விளங்கும்.

தண்டனையைப் பற்றிய முதல் பெரிய எழுத்து கண்டியில் எழுதப்பட்டது 1815 மார்ச் 2ஆம் திகதி, மகுல் மடுவவில். கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த அந்த உடன்படிக்கையில் மதம், நிலவரி போன்ற விஷயங்களுக்கு நடுவே இரண்டு பிரிவுகள் குற்றவாளியின் உடம்பைப் பற்றிப் பேசுகின்றன. சித்திரவதையும் அங்கத்தை வெட்டுவதும் இனி கிடையாது என்கிறது ஒன்று. ஆளுநரின் எழுத்து மூலமான கட்டளை இல்லாமல் எவரையும் தூக்கிலிட முடியாது என்கிறது மற்றது. உடம்பைச் சிதைப்பதை நிறுத்தினால் அதற்குப் பதிலாக ஆளை அடைத்துவைக்க இடம் வேண்டும். போகம்பறை அந்தத் தேவையில் பிறந்தது. அது திறந்து ஒரு வருடத்தில், 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதே சட்டம்தான் தும்பறைச் சிறையை ஆளுகிறது. கட்டடம் மாறிவிட்டது, சட்டத்துக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது.

இனி, மலையகத் தமிழர் சிறையோடு கொண்ட உறவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பாடப்புத்தகங்களில் இது வருவதே இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளி குற்றவாளி. வேலையை விடுவது நமக்கு இன்று ஒரு கடிதத்தோடு முடியும் காரியம். அன்றைக்கு அது நீதவான் முன் போய் மறியலில் முடியும் காரியம். இதோடு துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. தொழிலாளியின் பெயரில் இருக்கும் கடனைக் கட்டினால் ஆளை விடத் தயார் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுத்தான் துண்டு. கடன் கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், துண்டு கைமாறும், ஆள் தோட்டத்துக்குத் தோட்டம் போவான். கைக்குழந்தையோடு இரவில் மலையிறங்கியவர்களைப் பிடித்து வந்து அடைக்க, காப்பிக்காலம் முடிந்து தேயிலைக்காலம் வந்தபிறகும் சட்டம் இருந்தது. துண்டு 1921இல்தான் ஒழிந்தது. வேலையை விட்டதற்காக மறியலுக்கு அனுப்பும் ஏற்பாடும் அதையொட்டிய காலத்தில்தான் தளர்ந்தது.

அப்படியானால் கண்டிப் பிரதேசத்து மறியல் வரலாற்றில் ஒரு கணிசமான பங்கு, நாம் இன்று குற்றம் என்றே ஏற்காத ஒன்றுக்காக உள்ளே போனவர்களுடையது. சட்டம் எதைக் குற்றம் என்கிறது, யாருடைய வசதிக்காக அப்படிச் சொல்கிறது என்பது குற்றவியல் வகுப்பில் முதல் வாரத்துப் பாடம். எங்கள் பாட்டன்மார் அந்தப் பாடத்தை வேறு இடத்தில் கற்றார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தொழிலாளியைப் பொறுத்தவரை சட்டமும் பொலிஸும் மறியலும் துரை பக்கத்து ஆட்கள். அந்த நினைவு லயத்தில் பல தலைமுறை நின்றது. மகனைச் சிறை உத்தியோகத்துக்கு அனுப்பலாம் என்று அந்த வீட்டில் யாருக்குத் தோன்றும்?

உத்தியோகம் என்றும் அன்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிறைச்சாலைத் திணைக்களம் பொலிஸிலிருந்து பிரிந்து தனித் திணைக்களமானதே 1905இல். சிறைக்காவலர் வேலைக்கு உயரம், மார்பளவு, கட்டுப்பாடு. உள்ளே போன பிறகு மூத்தவர் சொல்லிக் கொடுப்பதுதான் படிப்பு: ஆளை எண்ணுவது, பூட்டுவது, திறப்பது, மறுபடி எண்ணுவது. கைதி ஏன் வந்தான், வெளியே போய் என்ன செய்வான் என்பது காவலர் கேட்க வேண்டிய கேள்வியாக இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் போகம்பறைக்குள் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தது கைதிகளிடம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களைப் பிடித்துக் கடைசியில் கண்டிக்குத்தான் கொண்டுவந்தார்கள். என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள். பிலிப் குணவர்தன அமெரிக்காவில் படித்தவர். அவர்களோடு எட்மண்ட் சமரக்கொடி. 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு, கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டு இரண்டு நாள் கழிய, இவர்கள் நால்வரும் சிறையை விட்டு வெளியேறினார்கள். கதவைத் திறந்துவிட்டவர் சொலமன் என்ற சிறைக்காவலர், அவரும் கூடவே போய்விட்டார். அந்த இரவு எத்தனையோ முறை சொல்லப்பட்டுவிட்டது, எப்போதும் தலைவர்களின் துணிச்சலாகவே. எனக்கு அதில் சொலமன்தான் முக்கியமானவர். நாள்முழுக்க எண்ணிப் பூட்டுவதற்கு மட்டும் பழக்கப்பட்ட ஒரு மனிதர், தான் பூட்டுகிறவர்கள் யார் என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த யோசனைக்குத் திணைக்களத்துக்குள் அன்று இடம் இல்லை, ஆகவே அவர் மதிலுக்கு வெளியே போக வேண்டியதாயிற்று.

அந்த யோசனைக்கு உள்ளேயே இடம் பண்ணிக் கொடுத்தது அடுத்து வந்த பதினைந்து இருபது வருடம். கடந்த காலம் என்றாலே இருட்டு, இன்று என்றாலே வெளிச்சம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடைக்காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது பெரிய தவறு.

1944இல் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் வந்தது. தண்டனைக்குப் பதிலாக ஆளை வீட்டிலேயே விட்டு, ஒரு உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வைக்கலாம் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1939இல், சிறுவரையும் இளைஞரையும் வயதுவந்த குற்றவாளிகளிடமிருந்து பிரித்துப் பார்க்கும் சட்டம் எழுதப்பட்டிருந்தது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு இரண்டுக்குமாகத் தனித் திணைக்களம் உருவானது. சமூகப் பணியைக் கற்பிக்க 1952இல் தொடங்கிய நிலையம் பின்னாளில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக வளர்ந்து, இப்போது பட்டமே வழங்குகிறது. கண்டிக்குக் கிழக்கே பல்லேகலையில் மதில் இல்லாத சிறை முகாம் ஒன்று வந்தது. தண்டனைக் காலத்தில் நல்லபடி நடந்துகொண்டவர்களைத் தேர்ந்து, திறந்த வெளியில் தோட்டம் செய்ய விட்டார்கள். பக்கத்தில் மகாவலி, சுற்றிலும் ஊர்கள், ஓடிப்போக நினைத்தால் தடுக்க ஒன்றுமில்லை. ஆளை நம்புவதையே ஒரு முறையாக வைத்துப் பார்த்த சோதனை அது. கண்டியில் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

அதே காலத்தில் மகாவலியின் மேல்கரையில் பேராதனை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே குடிபெயர்ந்தது. அதன் சமூகவியல் துறையின் முதல் பேராசிரியர் பிரைஸ் ரயன் என்ற அமெரிக்கர். அவரோடு படிப்பித்த மரி ஸ்ட்ரவுஸ், ஜாக்குலின் ஸ்ட்ரவுஸோடு சேர்ந்து இலங்கையின் கொலை, தற்கொலை விகிதங்களைச் சமூக அமைப்போடு பொருத்திப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். 1953இல் அமெரிக்கச் சமூகவியல் சஞ்சிகையில் அது வெளிவந்தது. சிங்களவரிடையே கொலையும் தமிழரிடையே தற்கொலையும் கூடுதலாக இருப்பது ஏன் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. விடையை ஏற்கலாம், மறுக்கலாம். குற்றத்தைச் சபிப்பதை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்து விளக்க முயன்றார்கள் என்பதே பெரிது. மரி ஸ்ட்ரவுஸ் பின்னர் குடும்ப வன்முறை ஆய்வில் உலகப் பெயர் பெற்றார். 1961இல் ஆர்தர் லூயிஸ் வுட் என்ற இன்னொரு ஆய்வாளர், மாறிவரும் இலங்கையில் குற்றமும் ஆக்ரோஷமும் பற்றித் தனி நூலே எழுதினார். சட்டத் துறையும் அப்போது பேராதனையில்தான் இருந்தது. இலங்கையின் சட்ட வரலாற்றை எழுதிய பேராசிரியர் த. நடராஜா அங்கே படிப்பித்தார். ஒரே வளாகத்தில் சட்டம், சமூகவியல், பொருளியல். ஐந்து மைலுக்குள் போகம்பறை. ஆற்றின் கீழ்க்கரையில் பல்லேகலை. குற்றத்தையும் தண்டனையையும் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஆசியாவில் அன்று அதிகம் இருந்திருக்காது.

அரசாங்கமும் படிப்பாளிகளின் பேச்சைக் கேட்கத் தயாராக இருந்தது. பிரதமர் பண்டாரநாயக்க 1956இல் தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தார். நிறுத்தியதோடு விடாமல், அதை அடியோடு ஒழிக்கலாமா என்று ஆராய ஒரு ஆணைக்குழுவையும் போட்டார். தலைவராக வந்தவர் நோர்வல் மொறிஸ், பிற்பாடு சிக்காகோவில் பேர்பெற்ற குற்றவியல் அறிஞர். ஒழிக்கலாம் என்பதே 1959இல் வந்த அறிக்கையின் முடிவு. அதே வருடம் செப்டெம்பரில் பிரதமர் சுடப்பட்டு இறந்தார், தூக்குமரம் திரும்பி வந்தது.

அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து போயிற்று. 1965இல் சட்டத் துறை கொழும்புக்குப் போனது. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குள் போனார்கள். கொழும்புப் பக்கத்து வித்தியோதய, வித்தியாலங்கார வளாகங்களையே தடுப்பு முகாமாக்கினார்கள். 1975 ஆகஸ்டில் மரு சிரா என்று ஊரறிந்த குற்றவாளி சிரிபாலவைப் போகம்பறையில் தூக்கிலிட்டபோது அவர் சுயநினைவோடு இருக்கவில்லை. மயக்க மருந்து அளவுக்கு மிஞ்சிவிட்டது, ஆளைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிலிட்டார்கள். நாடே பதறியது, விசாரணை நடந்தது. அடுத்த வருடம், 1976 ஜூனில், வெலிக்கடையில் இலங்கையின் கடைசித் தூக்கு. சட்டத்தில் மரண தண்டனை இன்றும் இருக்கிறது, நிறைவேற்றுவதுதான் நின்றுபோயிருக்கிறது.

1983 ஜூலை 25ஆம் திகதியும் 27ஆம் திகதியும் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அரசின் காவலில் இருந்தவர்கள். இதை எழுதாமல், தமிழர் ஏன் சிறைத் துறையில் குறைவு என்று பேசுவது நேர்மையாகாது. அதற்குப் பிறகு கண்டித் தமிழ் வீட்டில் பிள்ளை வந்து, சிறைச்சாலைத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்று சொன்னால், தாய் அடுப்பை விட்டு எழுந்து வந்திருப்பாள். ஆசிரியர், கிராம சேவகர், கிளாக்கர், வங்கி என்று வரிசை போட்ட சமூகம் இந்த ஒரு வாசலை மட்டும் கண்ணாலும் பார்க்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. தடுப்பு முகாமாக இருந்த அதே வித்தியோதய வளாகம் இன்று ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். குற்றவியலும் குற்றவியல் நீதியும் அங்கே தனித் துறை. பேராதனையில் தனித் துறை கிடையாது. குற்றமும் பிறழ்வு நடத்தையும் சமூகவியலுக்குள் வரும், உளவியலிலும் ஒரு பங்கு, மருத்துவ பீடத்தில் சட்ட மருத்துவம். சட்டத் துறை மறுபடியும் கலைப்பீடத்தில் இருக்கிறது. எல்லாம் உண்டு, ஒரே கூரைக்குக் கீழ் இல்லை. கடலுக்கு அப்பால் பார்த்தால், சென்னைப் பல்கலைக்கழகம் 1965இலேயே குற்றவியல் துறை தொடங்கிவிட்டது. பேராதனையை விட்டுச் சட்டம் புறப்பட்ட அதே வருடம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் துறை இருக்கிறது. வேலூரில் 1979 முதல் சிறை அதிகாரிகளுக்கென்றே ஒரு பயிற்சிக்கழகம் நடக்கிறது, பல மாநிலத்து அதிகாரிகள் அங்கே வந்து படிக்கிறார்கள். தமிழில் இந்தத் துறைக்குரிய சொற்களும் பாடநூல்களும் வளர்வதற்கு அங்கே ஒரு மண் இருந்தது. எங்கள் பிள்ளைகள் அதை இதுவரை சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

படித்து முடித்தால் என்ன வேலை? பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது, நியாயமான கேள்வி. சிறைக்குள் புனர்வாழ்வு உத்தியோகத்தர் பதவி இருக்கிறது, முன்பு நலன்புரி உத்தியோகத்தர் என்பார்கள். சிறை அத்தியட்சகர் தரத்துக்கும் பட்டதாரிகள் போட்டியிடலாம். மாகாண சபையின் கீழ் நன்னடத்தை உத்தியோகத்தர்கள். மத்திய மாகாணம் என்றால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்றும் அதற்குள். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் இன்னொன்று. சிறு குற்றத்துக்கு ஆளைச் சிறைக்கு அனுப்பாமல், ஊருக்குப் பயனான வேலையைச் செய்யவைத்துக் கண்காணிப்பது அதன் பணி. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இருக்கிறது, போதைக்கு அடிமையானவர்களுக்குக் கண்டிப் பக்கத்திலும் அதன் சிகிச்சை நிலையம் உண்டு. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை, உளவளத்துணை உத்தியோகத்தர்கள். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்து, 2023இல் புதுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் அதிகாரசபையும் ஆள் தேடும் இடம். பொலிஸைச் சொல்லவே வேண்டாம். இவற்றோடு மனித உரிமை அமைப்புகள், ஆய்வு நிறுவனங்கள். பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் இருப்பதால், வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்கவும் வழியுண்டு.

வாசிக்க நீளமான பட்டியல். இதில் ஒரு வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று ஒன்றை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கசிப்புப் போத்தலோடு பிடிபட்டார். நீதவான் தண்டப்பணம் விதித்தார். கட்டக் காசில்லை. கட்டாவிட்டால் மறியல் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது, ஆகவே மறியல். இது அபூர்வமான கதை என்று எண்ண வேண்டாம். வருடா வருடம் திணைக்களம் வெளியிடும் புள்ளிவிபர நூலை எடுத்துப் பார்த்தால், தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் மிகப் பெரிய பகுதி தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்தான். அந்த மனிதர் தும்பறைக்கு வருகிறார். படிவம் நிரப்ப வேண்டும். பெயர், தகப்பன் பெயர், ஊர், முந்திய குற்றம், வீட்டில் யார் யார், கடன் உண்டா, குடி எவ்வளவு காலம், அறிவித்தால் வரக்கூடிய உறவினர் யார். கேள்வி சிங்களத்தில் வருகிறது. அவருக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். பஸ்ஸில் ஏறவும் சாமான் வாங்கவும் அது போதும். தன் குடும்பத்தில் என்ன நடந்தது என்று சொல்ல அது போதாது. ‘ஓவ்’ என்றும் ‘நே’ என்றும் பதில் சொல்கிறார். படிவம் நிரம்பிவிடுகிறது. ஆளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

தமிழில் கேட்கத் தெரிந்த, சமூகவியல் படித்த ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தால், அரை மணித்தியாலத்தில் வெளிவருவது வேறு. மூத்த மகள் உயர்தரம் படிக்கிறாள் என்பது தெரியவரும். தோட்டத்தில் பெயர் வெட்டுப்பட்டால் லயத்து அறைக்கே பிரச்சினை என்பதும், மனைவியின் அண்ணன் மாத்தளையில் கடை வைத்திருக்கிறார், கேட்டால் தண்டப்பணத்தைக் கட்டிவிடுவார் என்பதும் தெரியவரும். ஒரு தொலைபேசி அழைப்பில் ஆள் வெளியே போகலாம். அடுத்த முறை அவர் நீதிமன்றம் வந்தால், சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கு அனுப்பலாம் என்று நீதவானுக்கு எழுத இரண்டு பக்கத்துச் சமூக அறிக்கைக்கு விஷயம் இருக்கிறது. நான்கு வருடப் பட்டத்தின் பயன் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அந்த இரண்டு பக்கத்தைத்தான் காட்டுவேன். வறுமையையும் கடனையும் குடியையும் ஒன்றோடொன்று கோத்துப் பார்க்கவும், நேர்காணலில் ஆளை அவமதிக்காமல் கேட்கவும், கேட்டதைச் சட்டத்துக்கு விளங்கும்படி எழுதவும் பழகியிருக்க வேண்டும். அது மார்பளவால் வருகிற திறமை இல்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்டத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். நாட்டின் சிறைகளில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மை, தீர்ப்பே வராத விளக்கமறியல் கைதிகள். ஒரு பெரிய பங்கு போதைப்பொருள் வழக்கு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, நாடு முழுவதையும் தழுவிச் செய்த முதல் ஆய்வு. அதற்குத் தலைமை தாங்கியவர் அம்பிகா சற்குணநாதன், அப்போது ஆணையாளராக இருந்த சட்டத்தரணி. நெரிசல், மலசலகூடம், மருத்துவம் எல்லாவற்றோடும் மொழியும் அந்த அறிக்கையில் பேசப்படுகிறது. தமிழ் பேசும் கைதி தன் குறையைச் சொல்லவும், தனக்கு என்ன நடக்கிறது என்று அறியவும் படும் பாட்டை அது பதிவு செய்திருக்கிறது. பேராதனையில் இந்தத் துறையில் கால் வைக்கும் எந்த மாணவரும் முதலில் அந்த ஆய்வை எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும் என்று சொல்வேன். இளம் பட்டதாரிகளை உள்ளே அனுப்பி, கைதிகளோடு உட்கார்ந்து பேசவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் படிப்புக்கும் பதவிக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அது என்னைக் கோபப்படுத்துகிறது. கலைப் பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்க அரசாங்கங்கள் கண்டுபிடித்த வழி, ஆயிரக்கணக்கில் அபிவிருத்தி உத்தியோகத்தராக எடுப்பது. குற்றவியலில் ஆய்வுக்கட்டுரை எழுதிய பிள்ளை ஒரு அலுவலகத்தில் கோப்புக்கு இலக்கம் போடுகிறாள். கைதிக்கும் உத்தியோகத்தருக்கும் உள்ள விகிதம் கைவிட்டுப்போன சிறை, அவளிடமிருந்து ஒரு மணித்தியால பஸ் பயணத்தில் இருக்கிறது. 2019இல் தூக்கிலிடுபவர் பதவிக்கு விளம்பரம் போட்டபோது நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், உலகத்துப் பத்திரிகையெல்லாம் எழுதின. நாற்பத்து மூன்று வருடம் வேலையே இல்லாத பதவி அது. புனர்வாழ்வு உத்தியோகத்தர் வெற்றிடங்களைப் பற்றி அந்த வருடம் யார் எழுதினார்கள்?

கலைப்பீடத்தில் இன்று பெரும்பான்மை பெண் பிள்ளைகள். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஹந்தானை மலையின் ஒரு சரிவில் பல்கலைக்கழகமும் மறு சரிவில் தேயிலையும் இருந்தும், ஒரு காலத்தில் அந்த முகடு தாண்ட முடியாததாகத்தான் இருந்தது. வேலையை விட்டதற்காக மறியலுக்குப் போனவரின் பேத்தியின் பேத்தி இன்று தண்டனையின் சமூகவியலைப் பரீட்சைக்கு எழுதுகிறாள். நன்னடத்தை உத்தியோகத்தராக வந்தால், பிள்ளைகளும் பெண்களும் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அவளிடம் தாய்மார் சொல்லக்கூடியதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். இதில் வீட்டார் தயங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதையும் மேலே எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் போகச் சொல்வேன். உள்ளே இருப்பவர்களின் மொழியில் பேச ஒருவரும் இல்லாத சிறை, எங்கள் ஆட்கள் ஒதுங்கி நிற்பதால் திருந்தப் போவதில்லை.

போகம்பறை மூடியதால் ஒரு நஷ்டமும் நேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் மனிதரை வைத்திருக்கவே கூடாது, மூடியது சரி. 2020இல் கொரோனாக் காலத்தில் கைதிகளைத் தனிமைப்படுத்த மறுபடி அதைத் திறந்தபோது, பழைய போகம்பறை எப்படிப்பட்டது என்பது புதிய தலைமுறைக்கும் தெரிந்தது. ஆனால் சிறை நகரத்தின் கண்ணுக்குள் இருந்த வரையில் ஊர் அதை மறக்கவில்லை. பல்லேகலை என்றால் இன்று கண்டிக்காரருக்கு கிரிக்கெட் மைதானமும் கைத்தொழில் வலயமும்தான் நினைவு வரும். திகன பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்குச் சிறையின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியும்? இந்த மறதியை உடைக்கும் கடமை இப்போது பல்கலைக்கழகத்தின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பெரிய காசு கேட்கும் காரியம் எதுவும் இதற்குத் தேவையில்லை. பேராதனைச் சமூகவியல் மாணவர் ஒரு அரையாண்டாவது தும்பறையிலோ, மத்திய மாகாண நன்னடத்தைத் திணைக்களத்திலோ, சமுதாயஞ்சார் சீர்திருத்த அலுவலகத்திலோ வேலை பழக வேண்டும். அந்த அரையாண்டுக்குப் புள்ளி கொடுத்துப் பட்டத்தோடு சேர்க்க வேண்டும். சட்டத் துறை மாணவரும் உளவியல் மாணவரும் அதில் ஒன்றாக உட்கார வேண்டும், 1950களில் ஒரே வளாகத்துக்குள் சட்டமும் சமூகவியலும் அருகருகே இருந்ததுபோல. கற்பிப்பது தமிழிலும் நடக்க வேண்டும். பதவிக்கு வர்த்தமானி அறிவித்தல் போடும்போது, தமிழில் நேர்காணல் செய்து அறிக்கை எழுதக்கூடியவர்களுக்கென்று இத்தனை இடம் என்று அதிலேயே எழுத வேண்டும். எத்தனை இடம் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சிறைச்சாலைப் புள்ளிவிபர நூலில் கைதிகளின் இனவாரிக் கணக்கு வருடந்தோறும் அச்சாகிறது, அதை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பதவிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கட்டும்.